உஷார்! கொள்ளையர் கப்பலில் ஏறும் முன் பாருங்கள்!

துருக்கிக்குச் சுற்றுலா கிளம்பும் குடும்பங்களே, கொஞ்சம் நில்லுங்கள்! அலான்யா, கெமர், மர்மாரிஸ் துறைமுகங்களில் மண்டையோட்டுக் கொடியும் பொம்மை பீரங்கியுமாக ‘கடற்கொள்ளையர் கப்பல்’கள் காத்திருக்கும். குகை, கடல் குளியல், மதியச் சாப்பாடு, ஃபோம் பார்ட்டி எல்லாம் ஒரே டிக்கெட்டில். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள். அவசரப்படாதீர்கள்!

அந்தப் பாய்மரம் பெரும்பாலும் வெறும் ஜோடனைதான். கப்பல் ஓடுவது இன்ஜினில். அடுக்கு மேல் அடுக்கு கட்டி, ஆட்டம் போட மேல்தளத்தில் கூட்டத்தை ஏற்றினால் பாரம் மேலே போகும். “அதோ குகை!” என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் கப்பல் சாயும். கேரளத்தின் தேக்கடி அணை ஏரியில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டதும் படகு சாய்ந்தது என்றார்கள் உயிர் தப்பியவர்கள். அலையில்லாத அணைத் தண்ணீரிலேயே அந்தக் கதி!

சினிமாப் பெயரையும் நம்பாதீர்கள். ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ இரண்டாம் படத்தில் தோன்றிய ‘பவுண்டி’, 1960இல் கட்டப்பட்ட மரக்கப்பல். சாண்டி புயல் வருவது தெரிந்தும் கடலில் இறக்கினார்கள். 2012 அக்டோபர் 29 அன்று அமெரிக்கக் கரைக்கு அப்பால் மூழ்கியது. 14 பேரை மீட்டார்கள். ஒரு மாலுமி இறந்தார், கேப்டன் கிடைக்கவே இல்லை.

ஏறுவதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்:

• எத்தனை பேரை ஏற்ற அனுமதி என்று கேளுங்கள். கண்ணெதிரே கூட்டம் பிதுங்கினால் ஏறாதீர்கள்.

• லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். குழந்தை அளவில் இருக்கிறதா? பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் ஆபத்துக்கு உதவாது.

• ஃபோம் பார்ட்டியில் நுரை சின்னக் குழந்தையின் தலைக்கு மேல் எழும்பும். காலடியில் படியும் கயிறும் தெரியாது, தளம் வழுக்கும். பிள்ளையின் கையை விடாதீர்கள்.

• இன்ஜின் முழுவதும் நின்ற பிறகே தண்ணீரில் இறங்குங்கள். மேல்தளத்திலிருந்து குதிக்கவே வேண்டாம். குடித்திருந்தால் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள்.

• காற்று பலமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

துருக்கியில் அவசர உதவி எண் 112. இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். கேட்ட கேள்விக்கு ஊழியர் மழுப்பினால், கட்டிய பணம் போனாலும் சரி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்!