பாரந் தூக்குதலும் மணிக்கட்டு நரம்பும்

பாரந் தூக்கிப் பயிலும் மாணவர் பலர், இரும்புக் கோலை ஏந்திச் சிறிது நேரஞ் சென்றதும் விரல்கள் விறைத்து, ஊசி குத்துவது போன்ற உணர்வு தோன்றக் கண்டிருப்பர். ‘கை பழகவில்லை, பழகினால் மாறிவிடும்’ என எண்ணி மேலும் பாரத்தைக் கூட்டுவோரும் உளர். தசையின் களைப்பும் நரம்பின் முறையீடும் ஒன்றல்ல. முன்னையது பயிற்சியாற் குறையும். பின்னையதோ அதே பயிற்சியைத் தொடர்ந்தால் முதிரும். இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணிக்கட்டின் அமைப்பை முதலில் நோக்குவோம். எட்டுச் சிற்றென்புகள் இரு வரிசையாக அமைந்து, உள்ளங்கைப் பக்கத்தே வாய்க்கால் போன்ற குழிவை ஆக்குகின்றன. உறுதியான இணைப்பு நார் ஒன்று அதன்மேற் கூரையாகப் படிந்து அதனைச் சுரங்கமாக்குகின்றது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பும் இதனூடே செல்கின்றன. சுவர் என்பு, கூரை நார், இரண்டும் எளிதில் விரிந்து கொடா. ஆகவே உள்ளே அமுக்கம் மிகும்போது பெரிதும் துன்புறுவது மென்மையான நரம்பே.

மணிக்கட்டு நேராயிருக்கையில் அவ்வமுக்கம் மிகக் குறைவு. 1981 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயற்றோரிடம் சராசரி 2.5 மில்லிமீற்றர் இரச அளவாயிருந்த அமுக்கம், மணிக்கட்டைப் பின்னே வளைத்தபோது ஏறத்தாழ 30 ஆக உயர்ந்தது. மல்லாந்து கிடந்து பாரத்தை மேலே தள்ளும்போது கோல் விரற்பக்கஞ் சரிந்தால் மணிக்கட்டு இவ்வாறே மடிகின்றது. தண்டால் எடுக்கையிலும் அஃதே. நரம்பின் நுண்ணிய குருதிக்குழாய்கள் நெருக்குண்டு ஊட்டங் குறைய, விறைப்புத் தோன்றுகின்றது. அமுக்கம் விரைவில் நீங்கின் உணர்வு மீளும். நெடுங்காலம் நீடிப்பின் நரம்பிழையைச் சூழ்ந்த உறை கெடும். அதன்பின் இழையே அழியும்.

எந்த விரல் விறைக்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவை நடுநரம்பின் ஆட்சிக்குட்பட்டவை. சின்னிவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் அரந்தி நரம்பைச் சார்ந்தவை. முழங்கை தட்டுண்டால் மின்னல் பாய்ந்தாற்போல் உணரச் செய்வது இந்நரம்பே. கோல் உள்ளங்கையின் சின்னிவிரற் பக்க அடியை அழுத்தினும், முழங்கை நெடுநேரம் மடிந்திருப்பினும் இது நெருக்குண்ணும். கழுத்தினின்று புறப்படும் நரம்பு வேர் நெருக்குண்டாலும் விரல் விறைக்குமாதலின், கழுத்து நோவு உடனிருப்பின் அதனையும் வைத்தியருக்குக் கூறல் வேண்டும்.

நடுநரம்பைச் சோதிக்க எளிய முறையொன்றுண்டு. அமெரிக்க சத்திரவைத்தியர் ஜோர்ஜ் பலெனின் பெயரால் அது வழங்குகின்றது. புறங்கைகள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த மணிக்கட்டுகளை உள்நோக்கி மடக்கி, ஒரு நிமிடம் வைத்திருத்தல் வேண்டும். அதற்குள் நடுநரம்புக்குரிய விரல்கள் விறைப்பின் நெருக்கத்தை ஐயுறலாம். ஆயினும் முடிவுகூறுதல் வைத்தியர்க்கே உரியது.

பரிகாரம் பெரும்பாலும் எளிதே. கோலை உள்ளங்கையின் அடிப்பகுதியில், முன்கையென்புகளுக்கு நேர்மேலாகத் தாங்குக, மணிக்கட்டை வளையவிடாதீர். தண்டாலைக் கைப்பிடி பற்றி எடுக்கலாம். விறைப்புத் தோன்றின் அன்றைய பயிற்சியை நிறுத்துக. இரவில் விறைப்பு உறக்கத்தைக் கலைப்பின், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை உதவும்.

விறைப்பு நீங்காதிருத்தல், பொருள்கள் கைநழுவுதல், பெருவிரலடித் தசை மெலிதல் ஆகியன தாமதத்திற்கு இடந்தராத குறிகள். மெலிந்த அத்தசை சிகிச்சைக்குப் பின்னரும் முழுமையாக மீளாதிருத்தல் கூடும். பாரத்தைத் தூக்கும் அதே கையே எழுதுகோலையும் பற்றுகின்றது. வலிமை தேடிப் புகுந்தவர் அக்கையின் நுண்டொழிலை இழத்தல் தகாது. ஆகவே பாரத்தைக் கூட்டுமுன் மணிக்கட்டை நேராக்குக.