குதிகாலில் குத்துவது எது?

காலையில் எழுந்து காலைத் தரையில் ஊன்றியதும் குதிகாலில் சுரீரென்று ஒரு குத்து. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தால் தணிகிறது. வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் குத்துகிறது. உள்ளங்கால் வலிகளில் மிகப் பரவலானது இதுதான். ஏன் வருகிறது என்று பார்ப்போம்.

நம் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் சேர்ந்து ஒரு வளைவாக நிற்கின்றன. அந்த வளைவை வில் என்று வைத்துக்கொண்டால், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டைதான் அதன் நாண். மருத்துவர்கள் அதை பிளான்டார் ஃபேசியா என்பார்கள். காலூன்றும்போதெல்லாம் வில் அமுங்கும், நாண் இழுபடும். நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கும், எடை கூடியவர்களுக்கும், கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கும் இந்த இழுப்பு அதிகம். அதனால் பட்டை குதிகாலோடு சேரும் இடம் மெல்ல மெல்ல நைந்துபோகிறது.

தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பட்டை சுருங்கியே கிடக்கும். காலையின் முதல் அடியில் உடல் எடை மொத்தமும் ஏறி அதைச் சட்டென்று இழுப்பதால்தான் அந்தக் குத்து.

இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் தடுமாறுகிறோம். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் அடியில் சிறு நீட்சி தெரிந்தால், ‘எலும்பு வளர்ந்து சதையைக் குத்துகிறது’ என்று பயந்துவிடுகிறோம். வலியே இல்லாத பலருக்கும் அந்த நீட்சி இருக்கிறது. கடும் வலி உள்ள பலருக்கு இல்லை. வலி குணமான பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். ஆகவே பெரும்பாலும் வலிப்பது நைந்த பட்டைதான். எலும்பை அறுத்தெடுக்க வேண்டுமோ என்று கலங்க வேண்டாம்.

பட்டையை நாம் மெதுவாகப் பழக்கலாம். படுக்கையை விட்டு இறங்குமுன், வலிக்கும் காலை மற்ற முழங்கால்மேல் போட்டு, விரல்களை அதே காலின் முழங்காலை நோக்கிக் கையால் இழுத்து, பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இதைப் பத்து முறை செய்யுங்கள். கல்லும் டைல்ஸும் போட்ட வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள். பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஓராண்டுக்குள் சரியாகிவிடும். ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. குதிகாலின் நட்டநடுவே, வெறுங்காலில் நடக்கும்போது வலித்தால், அங்கிருக்கும் கொழுப்புத் திண்டு தேய்ந்திருக்கலாம். மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையே சுரீரென்று எரிந்தால், அங்கு ஓடும் நரம்பு தடித்திருக்கலாம். இரண்டு பாதங்களும் எரிந்து மரத்துப்போனால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சலோடு வீங்கினாலோ, அடிபட்டுக் காலூன்ற முடியாமல் போனாலோ உடனே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

எந்த இடத்தில் வலிக்கிறது, எந்த நேரத்தில் கூடுகிறது: இந்த இரண்டையும் கவனித்துச் சொன்னாலே, மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.