ஒருநாள் பொறுத்திருந்தால்: கவனிக்கப்படாமல் போன ஒரு கௌபாய் படம்

கௌபாய் படம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது குதிரைகளும் துப்பாக்கிச் சண்டையும், கடைசியில் கெட்டவனைச் சுட்டு வீழ்த்தும் கதாநாயகனும்தான். 1943 இல் ஹொலிவூட்டில் வெளியான ‘தி ஒக்ஸ்-போ இன்சிடென்ட்’ படத்தில் குதிரைகளும் துப்பாக்கிகளும் உண்டு. அப்படியொரு கதாநாயகன் மட்டும் இல்லை. 75 நிமிடங்களே ஓடும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படம், விசாரணை இல்லாமல் மூன்று பேர் எப்படிக் கொல்லப்படுகிறார்கள் என்பதைச் சொல்கிறது.

வோல்டர் வான் டில்பேர்க் கிளார்க் 1940 இல் வெளியிட்ட நாவலைத் தழுவி வில்லியம் வெல்மன் இயக்கிய படம் இது. கதை நடப்பது 1885 இல், நெவாடாவின் ஒரு சிற்றூரில். மாட்டுப் பண்ணைக்காரர் கின்கெய்ட் சுட்டுக் கொல்லப்பட்டார், மாடுகள் களவு போய்விட்டன என்று செய்தி வருகிறது. ஷெரிப் அப்போது ஊரில் இல்லை. கடைக்காரரான முதியவர் டேவிஸ், சட்டப்படி செய்வோம் என்று மன்றாடுகிறார். ஊர் நீதிபதியும் எச்சரிக்கிறார். யாரும் கேட்பதாக இல்லை. பழைய இராணுவச் சீருடையோடு வரும் மேஜர் டெட்லியின் தலைமையில் கூட்டம் மலைப்பாதையில் கிளம்புகிறது.

ஒக்ஸ்-போ என்ற இடத்தில் மூன்று பேர் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். மார்டின் என்ற இளைஞன், ஒரு மெக்சிக்கன், ஒரு வயோதிபர். அவர்களிடம் கின்கெய்டின் மாடுகள் இருக்கின்றன, பற்றுச்சீட்டு இல்லை. மெக்சிக்கனிடம் கின்கெய்டின் துப்பாக்கியும் இருக்கிறது. மாடுகளைப் பணம் கொடுத்து வாங்கியதாகவும், பற்றுச்சீட்டைத் தபாலில் அனுப்புவதாகக் கின்கெய்ட் சொன்னதாகவும் மார்டின் விளக்குகிறான். துப்பாக்கி வழியில் கிடந்தது என்கிறான் மெக்சிக்கன்.

படத்தின் பலம் இங்கேதான். சாட்சியங்கள் எல்லாம் அவர்களுக்கு எதிராகவே இருக்கின்றன. பார்க்கும் நமக்கும் ஒரு கணம் சந்தேகம் வருகிறது. மார்டின் கேட்பது மன்னிப்பை அல்ல, கொஞ்ச நேரத்தை. ஆள் அனுப்பி விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும். அந்த அவகாசத்தைக் கொடுக்கத்தான் கூட்டத்துக்கு மனமில்லை. வாக்கெடுப்பு நடக்கிறது. தூக்கு வேண்டாம் என்று விலகி நிற்பவர்கள் ஏழு பேர். பெரும்பான்மை வென்றுவிடுகிறது. விடியும்போது மூவரும் தூக்கிலிடப்படுகிறார்கள்.

திரும்பும் வழியில் ஷெரிப் எதிர்ப்படுகிறார். கின்கெய்ட் சாகவில்லை, சுட்டவர்களும் பிடிபட்டுவிட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானோர் கொடியவர்கள் அல்ல. நண்பனை இழந்த கோபத்தில் ஒருவன், பயந்தவன் என்று பெயர் வாங்கக்கூடாது என்பதற்காக இன்னொருவன், பொழுதுபோக்காக வேறொருவன் என்று வந்தவர்கள். ஆளுக்கொரு காரணம் இருந்தது, பொறுப்பு மட்டும் ஒருவரிடமும் இருக்கவில்லை. ‘சந்தேகத்தின் பேரில்’ என்ற இரண்டு சொற்களின் கனத்தை அறிந்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கில் கார்ட்டர் என்ற வழிப்போக்கனாக நடித்த ஹென்றி ஃபொண்டாவுக்கு இது வெறும் கதையல்ல. 1919 இல் ஒமாஹா நகரில் வில் பிரவுண் என்ற கறுப்பினத்தவரை ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. 14 வயதுச் சிறுவனாக, தந்தையின் அச்சகத்திலிருந்து ஃபொண்டா அதைப் பார்த்திருந்தார். படத்திலும் ஸ்பார்க்ஸ் என்றொரு கறுப்பின மதபோதகர் வருகிறார். தன் சகோதரன் இப்படிக் கொல்லப்பட்டதைச் சிறுவயதில் கண்டவர் அவர். தூக்குக்கு எதிராக நிற்கும் ஏழு பேரில் அவரும் ஒருவர்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இவ்வளவு இருண்ட படத்தைப் பார்க்க மக்கள் திரளவில்லை. வசூல் குறைவு. சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது, விருது ‘காசாபிளாங்கா’வுக்குப் போனது. 1998 இல்தான் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது. செலவைக் குறைக்கப் பெரும்பாலான காட்சிகளைக் கலையகத்துக்குள்ளேயே எடுத்தார்கள். பரந்த வெளி இல்லாத அந்த நெருக்கமே படத்துக்கு மூச்சுத்திணறலைத் தருகிறது.

இறுதிக் காட்சியில், சாவதற்கு முன் மார்டின் மனைவிக்கு எழுதிய கடிதத்தைக் கில் மதுக்கடையில் வாசிக்கிறான். தனக்குச் சற்று நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், இதைச் செய்தவர்கள்தான் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற இரக்கம் அதில் இருக்கிறது. வாசிப்பவனின் கண்களை அருகில் நிற்கும் நண்பனின் தொப்பி விளிம்பு மறைத்துவிடுகிறது. குரல் மட்டுமே நமக்குக் கேட்கிறது.

ஊரார் சேர்த்த 500 டொலரையும் அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கில்லும் நண்பனும் மார்டினின் மனைவி பிள்ளைகளைத் தேடிக் கிளம்புகிறார்கள். அந்தப் பெண்ணிடம் போய் என்ன சொன்னார்கள் என்பதைப் படம் காட்டவில்லை.