உயிரோடு செவியும் காப்போம்



பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் என் தாய்மாமனுக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் மருந்தேற்றி, கதிர்வீச்சும் கொடுத்தார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இன்று நாம் 'பட்டு' என்றால் அவர் 'தட்டா?' என்கிறார். இரண்டாம் முறை மருந்தேற்றியபோதே காதில் ரீங்காரம் கேட்டதாம். "தறிச்சத்தம் பழகின காது மாப்பிள்ளே, இதைப் போய் டாக்டர்கிட்டச் சொல்றதா?" என்று இருந்துவிட்டார். விலங்கியல் பயிலும் நான் அதன் பிறகே காரணத்தைத் தேடிப் படித்தேன்.

அவருக்கு ஏற்றிய மருந்து சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் அடங்கிய இம்மருந்து 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல புற்றுநோய்களுக்கு இன்றும் கைகண்ட மருந்து. ஆயினும் அது உட்செவியின் நத்தைச்சுருளில் மாதக்கணக்கில் தங்கி, ஒலியை உணரும் மயிர்ச்செல்களை அழிக்கிறது. முதலில் மறைவது 8,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட கீச்சொலி. பேச்சு கேட்பதால் நோயாளி அறியார். அளவு ஏற ஏற, மெய்யெழுத்துகளின் ஒலியும் மங்கும். மனிதரில் இச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே வருமுன் காப்பதே வழி. முதல் ஊசிக்கு முன்பும், அடுத்தடுத்த ஊசிகளுக்கு முன்பும் செவிச்சோதனை வேண்டும். உயர் அதிர்வெண்ணிலும் சோதிப்பது நன்று. ரீங்காரம் கேட்டால் அன்றே சொல்ல வேண்டும். ஜென்டாமைசின், அமிக்காசின், ஃபுரோசமைடு ஆகியவையும் செவியைத் தாக்கக்கூடியவை. வேறிடத்தில் இவற்றைக் கொடுத்தால் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். விசைத்தறி, ஒலிபெருக்கி, வெடிச்சத்தங்களை விட்டு விலகியிருப்பது நலம். கேள்திறன் குறைவது தெரிந்தால் அளவை மாற்றலாமா, கார்போபிளாட்டின் பொருந்துமா என்று மருத்துவர் ஆராய்வார். நோயாளி தாமாக மருந்தை நிறுத்தலாகாது.

தடுப்பு மருந்து இல்லையா? சோடியம் தயோசல்பேட்டுக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி தந்தது. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாத கட்டியுள்ள குழந்தைகளுக்கு மட்டுமே. சிஸ்பிளாட்டின் ஏற்றி 6 மணி நேரம் கழித்து அதைக் கொடுக்கிறார்கள். புற்றுநோய் மருந்தின் வலிமையையே குறைத்துவிடுமோ என்னும் அச்சத்தால் பெரியவர்களுக்கு அது இன்னும் வழக்கில் வரவில்லை.

அறிஞர் அண்ணாவை 1969இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஊர் நம்முடையது. அவர் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை காரைப்பேட்டையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் சிகிச்சைக்குச் செல்லலாம். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதோடு, "காதில் ஏதும் இரைச்சல் உண்டா?" என்றும் கேளுங்கள். பாவில் அறுந்த இழையை மாமா முடிந்துவிடுவார். செவிக்குள் அறுந்ததை முடிய இன்னும் ஆளில்லை.