அசைவூட்ட விளக்கப்படமும் அதன் தமிழுரையும்

வணிக நிறுவனம் ஒன்று தான் ஆக்கிய பொருளின் இயல்பையும் பயனையும் வாங்குவோர்க்கு உணர்த்தும்பொருட்டு, வரைந்த உருவங்களை இயங்கச் செய்து, குரலும் இசையும் கூட்டி, ஒன்றரை நிமிட அளவில் அமைப்பிக்கும் சிறு படத்தை அசைவூட்ட விளக்கப்படம் என்பர். கோவை வட்டாரத்தில் பம்புசெட்டு, ஸ்டார்ட்டர், கிரைண்டர் முதலியன செய்வோர்க்கு இத்தகைய படங்கள் பயன்படுகின்றன. தமிழாராய்ச்சி இதழில் இதற்கு இடமுண்டோ எனச் சிலர் ஐயுறலாம். உரை வகுத்தலைப் பற்றி நன்னூலார் கூறிய இலக்கணம் இன்று நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகும் களம் இதுவே என்பது எம் கருத்து.

வணிகத்திற்காக அசைவைக் காட்டி மெய்ப்பித்தல் புதிதன்று. தாதாசாகேப் பால்கே 1912இல் பட்டாணிச் செடி வளர்வதைச் சிறிது சிறிதாகப் படம்பிடித்துக் காட்டியே தம் முதற்படத்திற்குப் பொருள் பெற்றார். கோவையும் இத்துறைக்கு அயலன்று. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் இங்கு வெரைட்டி ஹால் அரங்கை நிறுவினார். 1937இல் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் ஆகியோர் முயற்சியால் இந்நகரில் மின் மோட்டார் செய்யப்பட்டது. அறிவியலைத் தமிழில் விளக்கிய 'கலைக்கதிர்' இதழும் கோவையிலிருந்தே வெளிவந்தது. படமும் பொறியும் விளக்கமும் ஓரூரில் ஒருங்கு வளர்ந்தன எனலாம்.

கருத்து, பதப்பொருள், காட்டு என்னும் மூன்றும் உடையது காண்டிகை. அவற்றொடு வினாவும் விடையும் சேர்தலும் உண்டு. விளக்கப்படத்தில் இவை ஒருவர் வாயிலாக மட்டும் வருவன அல்ல. காட்டும் பதப்பொருளும் ஓவியத்தின் பாற்படும். கருத்துக் குரலின் பாற்படும். இப்பகுப்பை உணராதார் திரையில் எழுத்தாக ஓடுவதையே குரலாலும் படிப்பிப்பர். கூறியது கூறல் என்னும் குற்றம் அவ்வழி நேரும். நிறுவனம் தோன்றிய வரலாற்றையும் இடையே சேர்க்குமாறு உரிமையாளர் வேண்டுவது மற்றொன்று விரித்தல். தொண்ணூறு வினாடியில் அதற்கு இடமேது?

படம் ஆக்கும் முறையை நோக்குவோம். முதலில் உரை எழுதப்படும். பின்னர்க் காட்சிகள் கட்டம் கட்டமாக வரையப்படும். அதன்பின் குரல் பதிவு. அதற்கும் பின்னரே அசைவு. குரல் முற்படுதற்குக் காரணம் உண்டு. வினாடிக்கு 24 சட்டங்களாகத் தொண்ணூறு வினாடிக்கு 2160 சட்டங்கள் வேண்டும். எச்சொல் எச்சட்டத்தில் ஒலிக்கும் என அறிந்தாலன்றி ஓவியன் கையை அசைக்கவும் நீரைப் பாய்ச்சவும் இயலாது. அசைவு முடிந்தபின் ஒரு சொல்லை மாற்றினும் அதனைத் தொடர்ந்த சட்டங்களெல்லாம் இடம்பெயரும், செலவும் மிகும். ஆதலின் உரையே முதற்கண் செம்மையுறல் வேண்டும்.

இங்குத்தான் இடர் எழுகின்றது. பலவிடத்தும் உரை ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, அதற்கேற்பக் காட்சிகளும் வகுக்கப்பெற்ற பின்னரே தமிழாக்கம் கேட்கப்படுகின்றது. தமிழ் நீளும், காலத்துள் அடங்காது என்ற குறையும் உடன் வருகின்றது. இக்குறை மொழியின் மேலதோ, பெயர்ப்பின் மேலதோ என ஆராய்வாம். நீரற்ற கிணற்றில் ஓடாதபடி மோட்டாரைக் காக்கும் கருவியைப் பற்றிய ஒரு தொடரைக் கொள்க. 'கிணற்றிலுள்ள நீர் வற்றிப்போகின்ற வேளையில் மின்னோடியானது தானாகவே தனது இயக்கத்தை நிறுத்திக் கொள்ளும்' என்பது பெயர்ப்பு நடை. கட்டளைக் கலித்துறைக்கு எண்ணுமாறு ஒற்று நீக்கி எண்ணின் இதில் 36 எழுத்துகள் உள. 'கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மோட்டார் தானே நின்றுவிடும்' என்பதில் 17 எழுத்துகளே உள. (நிரையசை முதலாகிய கலித்துறை அடிக்கும் இதே எண்ணிக்கை அமைதல் இனியதொரு பொருத்தம்.) இதே பொருளை எளிய ஆங்கிலத்தில் உரைப்பின் சொல் 13 ஆகும், ஒலியசை 16 ஆகும். சொல்லால் தமிழ் பாதியே. ஒலியால் ஏறத்தாழ நிகர். நீட்சி பெயர்ப்பின் விளைவே என்பது இதனால் தெளியப்படும்.

'மின்னோடி' என்னும் ஆக்கச்சொல்லை யாம் வெறுத்திலேம். பாடநூலில் அதற்கு இடமுண்டு. ஆயினும் காயில் எரிந்தது, பேஸ் போயிற்று, ஃபுட் வால்வு அடைத்தது என நாள்தோறும் வழங்கும் உழவர்க்கு அச்சொல் பொருளை மறைக்கும். விளக்க வந்த உரைக்கே வேறோர் உரை வேண்டப்படுமாயின் பயன் யாது? கொங்குநாட்டில் ஆயிரம் அடியையும் கடந்த ஆழ்துளைக் கிணறுகள் உள. நீரில் மூழ்கியோடும் மோட்டார் தன்னைச் சூழ்ந்த நீராலேயே குளிர்கின்றது. அந்நீர் அற்றபின்னும் ஓடின் காயில் எரியும். பிறகு குழாய் முழுவதையும் மேலேற்றிக் கழற்றிக் காயில் கட்டி மீண்டும் இறக்கல் வேண்டும். அதற்குள் பயிர் வாடும். படத்தை ஒருமுறை கண்ட உழவர் கருவியின் பயனை உணர்ந்தாரா, இலரா என்பதில் அவரது ஒரு போகமே அடங்கியிருத்தல் கூடும்.

சொல்லின் பிழை ஓவியத்தையும் பற்றும். கொங்குநாட்டார் கிணற்றுப்பாசன நிலத்தைத் 'தோட்டம்' என்பர். மழையை நம்பிய புன்செயைக் 'காடு' என்பர். உரையில் 'வயல்' என்று எழுதின் ஓவியன் நெல் நாற்றுகளை வரைவான். மஞ்சளும் வாழையும் தென்னையும் வளர்க்கும் பல்லடத்தார்க்கோ கோபியாரின் வாய்க்கால் நிலமே கண்முன் தோன்றும். இது நமக்கன்று என அவர் கருதிவிடுவர். அவ்வாறே, கவலை கட்டிச் சால் கொண்டு நீரிறைத்த பழங்காட்சியை முதலில் ஐந்து வினாடி காட்டின், பம்புசெட்டின் பயனை மூத்த உழவர்க்குத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லாரைக் கொங்குநாட்டு நிரம்பையினர் என்பர். கற்றார்க்கு உரை செய்த அவருக்குக் கால எல்லை இல்லை. இசையையும் கூத்தையும் வேண்டிய மட்டும் விரித்தார். விளக்கப்பட உரைகாரர்க்கு வினாடியே எல்லை. உரைமரபு பயிலும் முதுகலை மாணவர் இத்துறையிற் புகுந்து, ஆங்கில உரை வருமுன்னரே தமிழுரையை வகுத்துத் தருவாராயின், படம் ஆக்குவோர்க்கு அது பெரிதும் உதவும். கோவையில் அதற்கு வாய்ப்பு நிரம்ப உண்டு.