ஷட்டரை இறக்கினால் கம்பெனி மூடியதாகாது

ஸ்டார்ட்அப் தொடங்குவது எப்படின்னு சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க. கடன்ல மூழ்கின கம்பெனியை முறையா மூடுவது எப்படின்னு சொல்ல ஆளே இல்லை. இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போறோம்.

ஒரு கற்பனை. நீங்க வேப்பூர்க்காரர். படிப்பு முடிஞ்சதும் ரெண்டு நண்பர்களோடு சேர்ந்து, விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குறீங்க. பொம்மை, அகல் விளக்கு, பியூஸ் கேரியர் எல்லாம் சூளையில் சுட்டு விற்கிறீங்க. மூணாவது வருஷம் ஆர்டர் படுத்துடுது. பேங்க் தவணை நிக்குது, களிமண் கொடுத்தவருக்கும் தொழிலாளர்களுக்கும் பாக்கி. சூளையோட சேர்த்து எல்லாத்தையும் வித்தாலும் கடன் அடையாது. இதுதான் திவால் நிலை.

இந்த நேரத்தில் பலர் செய்வது, ஷட்டரை இறக்கிட்டு போனை ஆஃப் பண்றது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனி இன்னும் உயிரோடதான் இருக்கு. வருடாந்திரக் கணக்கைத் தொடர்ந்து 3 நிதியாண்டுகள் தாக்கல் செய்யலைன்னா, இயக்குநர்கள் 5 வருஷத்துக்குத் தகுதி இழப்பாங்க. 2017-ல் மத்திய அரசு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியபோது, லட்சக்கணக்கான இயக்குநர்கள் இப்படித்தான் மாட்டினாங்க.

சரி, முறையான வழி எது? முதலில், உங்களுக்குத் திறக்காத ரெண்டு கதவுகள்.

ஒன்று, கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 248. எஸ்.டி.கே-2 படிவம் போட்டு பெயரை நீக்கச் சொல்லலாம். ஆனால் எல்லாக் கடனையும் தீர்த்திருக்கணும்.

இரண்டு, திவால் சட்டம் 2016, பிரிவு 59. தானாக முன்வந்து கலைப்பது. இதுக்கு இயக்குநர்களில் பெரும்பான்மையோர் "கம்பெனிக்குக் கடனே இல்லை, அல்லது சொத்தை விற்று முழுசா அடைக்க முடியும்"னு உறுதிமொழி கொடுக்கணும். அடைக்க முடியாதுன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போடாதீங்க. பொய் உறுதிமொழி குற்றம்.

உங்களுக்கான கதவு அதே திவால் சட்டத்தின் பிரிவு 10. கட்டத் தவறிய தொகை 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்தோடு கம்பெனியே தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனு ஏற்கப்பட்டதும் கம்பெனி மேல் உள்ள வழக்கு, வசூல் எல்லாம் நிற்கும். நிர்வாகம் உங்க கையை விட்டு தீர்வு நிபுணரிடம் போயிடும். கம்பெனியைக் காப்பாற்ற யாரும் சரியான திட்டம் தரலைன்னா, கலைப்புதான்.

பாக்கி 1 கோடிக்குக் கீழேன்னா? கம்பெனிகள் சட்டம் பிரிவு 271-ன்படி சிறப்புத் தீர்மானம் போட்டு, கலைக்கச் சொல்லி அதே தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். இல்லைன்னா கடன்காரர்களோடு பேசித் தீர்த்து, 'பாக்கி இல்லை'ன்னு எழுதி வாங்கி, அப்புறம் பிரிவு 248-க்கு வரலாம்.

திவால் சட்டப்படி கலைப்பு நடந்தால் பணம் யாருக்கு முதலில்? கலைப்புச் செலவு போக, தொழிலாளர்களின் 24 மாதச் சம்பள பாக்கியும், கலைப்பு நிதியில் சேரும் அடமானக் கடனும் சம வரிசை. அரசு வரி பாக்கி அதுக்குப் பின்னாடி. பங்குதாரரான நீங்க கடைசி.

"லிமிடெட் கம்பெனிதானே, என் வீட்டுக்கு என்ன ஆபத்து?" இங்கேதான் கவனம் வேணும். வீசன்ஸ் எனர்ஜி சிஸ்டம்ஸ் என்ற தமிழ்நாட்டு நிறுவனம் ஸ்டேட் பேங்கில் வாங்கிய கடனுக்கு, அதன் நிர்வாக இயக்குநர் 2014-ல் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டார். 2015-ல் கடன் வாராக்கடன் ஆனது. பேங்க் கேட்டது 61 கோடிக்கும் மேல். 2017 மே மாதம் கம்பெனி தானே பிரிவு 10-ன் கீழ் மனு போட்டது. கம்பெனிக்குக் கிடைத்த தடைப் பாதுகாப்பு தன் சொந்தச் சொத்துக்கும் உண்டு என்று அவர் வாதாட, தீர்ப்பாயமும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் ஒத்துக்கிட்டன. 2018 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: தடை கம்பெனிக்கு மட்டும்தான், ஜாமீன் போட்டவருக்குக் கிடையாது.

அதாவது, 'லிமிடெட்' என்ற சுவரைச் சட்டம் கட்டிக் கொடுக்குது. ஜாமீன் பத்திரத்தில் போடும் கையெழுத்து அதில் வாசல் வைக்குது. அந்தப் பத்திரம் வருவது கடன் வாங்கும் அன்றைக்கு, எல்லாரும் சந்தோஷமா இருக்கும்போது. அன்றைக்கே படிங்க.

சிக்கல் வந்துட்டா இவ்வளவு செய்ங்க: கணக்குத் தாக்கலை நிறுத்தாதீங்க. மாமாவிடம் வாங்கிய கடனை மட்டும் ரகசியமா முதலில் அடைக்காதீங்க. உறவினருக்குப் போன பணமா இருந்தா 2 வருஷம் பின்னோக்கிப் பார்த்துத் தீர்ப்பாயம் திரும்ப வாங்கலாம். மீள வழியில்லைன்னு தெரிஞ்ச பிறகு புதுசா கடனுக்குச் சரக்கு எடுக்காதீங்க. அந்த நஷ்டத்தை உங்க கையிலிருந்து கட்ட வைக்க பிரிவு 66 இருக்கு. ஆடிட்டரைச் சீக்கிரம் பாருங்க. சூளை அணையுறதுக்கு முன்னாடி போனா, தொழிலாளருக்குக் கொடுக்கக் கொஞ்சமாவது மிஞ்சும்.