மண்ணில் உள்ளதும் நெல்லிற் சேர்வதும்

மண்ணிலுள்ள உலோகங்களைப் பற்றிய ஆய்வில் இரு வேறு வினாக்கள் பெரும்பாலும் ஒன்றாகவே மயங்கி நிற்கின்றன. மண்ணில் எவ்வளவு உலோகம் உளது என்பது ஒன்று. அதில் எவ்வளவு பயிருக்குக் கிட்டும் என்பது மற்றையது. வன்மையான அமிலங்களிற் கரைத்து மொத்த அளவைக் கண்டறியலாம். ஆயினும் உலோகத்தின் பெரும்பகுதி கனிப்பொருள்களிலும் ஒட்சைட்டுகளிலும் சேதனப் பொருளிலும் பிணைந்து கிடக்க, வேர் உறிஞ்சுவது மண்ணீரிற் கரையும் சிறு பகுதியையே. அப்பகுதியை மதிப்பிடும்பொருட்டே மென்மையான கரைசல்கள் கையாளப்படுகின்றன.

இவ்வேறுபாட்டின் சமூக முக்கியத்துவத்தை யப்பானிய வரலாறு நன்கு புலப்படுத்தும். கமியோக்காச் சுரங்கத்திலிருந்து வெளியேறிய கட்மியம் ஜின்சூ ஆற்று நீர்வழியாக வயல்களிற் படிந்தது. அவ்வயல்களின் அரிசியை உண்டும் ஆற்றுநீரைப் பருகியும் வாழ்ந்தோர் எலும்பு நொறுங்கி, ‘நோகிறது, நோகிறது’ எனப் பொருள்படும் ‘இத்தாய்-இத்தாய்’ நோய்க்கு ஆளாயினர். 1968இல் அரசாங்கம் நோயின் காரணத்தை ஏற்றுக்கொண்டது. 1972இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மிட்சுயி நிறுவனத்தின் பொறுப்பை உறுதிப்படுத்தியது.

விவசாய நில மாசு பற்றிய 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருவகை அளவீடுகள் வகுக்கப்பட்டமை ஈண்டு மனங்கொளத்தக்கது. செம்புக்கு மண்ணே அளக்கப்பட்டது: 0.1 மூலர் ஐதரோக்குளோரிக்கமிலத்திற் கரைவது கிலோகிராமுக்கு 125 மில்லிகிராம் என்பது எல்லை. கட்மியத்துக்கோ தவிடு நீக்காத அரிசியே அளக்கப்பட்டது. எல்லை கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம். செம்பு பயிரின் வளர்ச்சியையே பாதிக்கும். கட்மியமோ செழித்த பயிரினூடாகவும் உண்பவரைச் சென்றடையும்.

மேலும், நீர் தேங்கிய வயலிற் கட்மியம் சல்பைட்டாகி எளிதிற் கரையா நிலையை அடைகிறது. நீர் வடிந்து காற்றுப் புகுந்ததும் ஒட்சியேற்றமடைந்து மீண்டும் கரைகிறது. உலர்த்தி அரித்தெடுத்த ஆய்வுகூட மண் இம்மாற்றத்தைக் காட்டாது. ஆகவே கிட்டும் அளவு என்பது உலோகத்தின் தனிப்பண்பன்று. மண், நீர், பயிர், பருவம் ஆகியவற்றின் உறவு அது.

அவ்வுறவினுள் மனித உழைப்பும் அடங்கும். கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய மூன்று வாரங்கள் வயலில் நீரைத் தேக்கிவைத்தால் அரிசியிற் கட்மியம் குறையும். ஆனால் ஆசனிக்கு கூடக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையே நீரை நிருவகிக்கும் சுமை உழவன் தோளில் விழுகிறது. சுரங்க முதலாளியம் விட்டுச்சென்ற நஞ்சை அன்றாடம் அடக்கிவைப்பது அவனது உழைப்பே. அரிசியின் அளவீட்டில் அவ்வுழைப்பு மறைந்து நிற்க, வயல் தூயதெனத் தோன்றுகிறது.

2010இல் அவ்வெல்லை 0.4 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. மண் மாறவில்லை, எந்நிலம் மாசுற்றது என்னும் தீர்ப்பே மாறியது. எனவே ஓரளவீட்டை மட்டும் நம்புதல் போதாது. உண்பவரை அடைவது யாது என்பதை அரிசி கூறும்; நிலத்தில் எஞ்சியுள்ள ஆபத்து யாது என்பதை மண் கூறும். இரண்டையும் சேர்த்து நோக்கும்போதே இழப்பை ஏற்கவேண்டியவர் யார் என்ற வினாவுக்கு நேர்மையான விடை காண்போம்.